பெயர் மறந்த பெட்டி

மலைமேல் கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரை இறக்கிவிட்டு ஜீப்பைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த சின்னத் திரை அலறியது. ‘அவசரம். பர்ஹானா வீடு, ஒண்டிக்கடை.’

பர்ஹானா என் மனைவி. வயிற்றில் ஆறு மாதம்.

அந்த ஏற்பாடே அவளுடையதுதான். செல்போன் எடுக்காத சரிவில் பன்னிரண்டு வீடுகளுக்குத் தலா ஒரு பெட்டி கொடுத்திருந்தாள். பொத்தானை அழுத்தினால் அந்த வீட்டின் பெயர் ரேடியோ வழியாக என் ஜீப்புக்கும் எங்கள் வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் மேஜையிலும் சோதனைக்கு ஒன்று கிடந்தது. அதைத்தான் அவள் அழுத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். போனில் கூப்பிடலாமென்றால் டவர் இல்லை.

எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். வளைவுகளில் ஹாரன்கூட அடிக்கவில்லை. யா அல்லாஹ், அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அவளோ தெருமுனையில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“நல்லாத்தானே நிக்கறே! எதுக்கு அமுத்துனே?”

“நான் அமுத்தலைங்க. திருப்புங்க. நம்ம பெட்டி குடுத்த மலர் ஊடு.” சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்துவிட்டாள். “ஆம்புலன்ஸ் வேற கேஸுக்குக் கீழ போயிருச்சு. ஸ்டாண்டுல ஒரு ஜீப்பும் இல்ல.”

போகிற வழியில்தான் விளங்கியது. ஒவ்வொரு பெட்டியின் பெயரும் அதற்குள் ஒரு சின்ன மின்னணுச் சில்லில் பதிந்திருக்கும். மழை ஈரத்தில் சில்லு கெட்டுப்போனால் பெட்டி ஊமையாகிவிடக் கூடாதே என்று, பெட்டியை இயக்கும் நிரலுக்குள்ளேயே மாற்றாக ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறாள். அப்போதைக்குக் கையில் இருந்தது தன் சோதனைப் பெட்டியின் பெயர். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது அப்படியே நின்றுவிட்டது. காலையில் கரண்ட் போய்வந்தபோது மலர் வீட்டுப் பெட்டி தன் பெயரைப் படிக்க முடியாமல் இவள் பெயரில் எழுந்திருக்கிறது.

“மணிக்கொரு தரம் எல்லாப் பெட்டியும் ‘இருக்கேன்’னு சொல்லோணும். மலர் ஊடு மட்டும் காலையில இருந்து சொல்லலைங்க. அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.”

மலர் வீடு, நான் ஜீப்பைத் திருப்பிய இடத்திலிருந்து கூப்பிடு தூரம்.

அவள் புருஷன் தனபால் சில்வர் ஓக் மரத்துக் கொடியில் மிளகு பறிக்கும்போது ஏணியோடு சரிந்திருந்தான். தொடையெலும்பு வெளியே தெரிந்தது. மலர் துண்டை இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். தூக்கிப் போட்டுக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம். ரத்தம் ஏற்றினார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பர்ஹானா உட்கார்ந்தாள்.

மலர் என்னிடம் வந்தாள். “ஏனுங்கண்ணா, நீங்க ஜீப்பைத் திருப்புனதைக் கண்ணால பார்த்தனுங்க. கத்துனேன். நம்மகிட்டத்தான் வர்றீங்கன்னு நெனச்சேன். விருட்டுன்னு போயிட்டீங்களே?”

பர்ஹானாதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரு மேல தப்பில்லைங்க. என் தப்பு. உங்க பெட்டியில என் பேரை வெச்சிருந்தேன்.”

மலர் கையை உருவிக்கொள்ளவில்லை. அதற்கே பர்ஹானா அழுதுவிட்டாள்.

மலையேறும்போதும் அழுகை நிற்கவில்லை. எனக்கு மனசு தாங்கவில்லை. தேற்றுவதாக நினைத்து வாயைத் திறந்தேன்.

“விடு கண்ணு. உன் பேரைப் பார்த்ததாலதான் அந்த ஓட்டு ஓட்டுனேன். மலர் ஊட்டுப் பேரு வந்திருந்தா…”

“வந்திருந்தா?”

ஜீப்பை நிதானமாகத் திருப்பி, அடுத்த சவாரிக்கு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, பிறகு போயிருப்பேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ரேடியோவுக்குன்னு கம்பெனியிலயே பதிஞ்ச நம்பர் ஒண்ணு இருக்கு. சில்லு கெட்டாலும் அது மாறாது. இனி அதை வெச்சு ஊட்டைச் சொல்ற மாதிரி எழுதிடறேன். பெட்டியை நான் திருத்திக்கறனுங்க.”

என் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

“மத்ததை நீங்கதான் திருத்தோணும்.”

சரி என்றேன்.