பூட்டுக்கு ஒரு காரணம்

பஸ் செக்கராக இருந்த காலத்தில் அப்பா சொந்தப் பெண்டாட்டிக்கே அபராதம் போட்டவர். மகளுக்கு வயதைக் குறைத்துச் சொல்லி அரை டிக்கெட் எடுத்திருந்தாள் அம்மா. அத்தனை பேர் முன்னாலும் ரசீதைக் கிழித்து நீட்டினார். "சட்டம்னா சட்டம்." அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு வீட்டில் சாப்பாட்டுத் தட்டு ணங்கென்றுதான் அவர் முன்னால் விழுந்தது. மகளோ, எங்கப்பா மாதிரி உண்டா என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தாள்.

அந்தக் குடும்பத்தில் முதல்முதலாகக் காலேஜ் படி ஏறியவள் அவள். ஏறியதும் பெருமை கசந்தது. வாய் சும்மா இருக்குமா? "காசில்லாதவளை நட்டநடு ரோட்ல இறக்கி விடறீங்களே, அந்தச் சட்டத்தை எழுதினவன் என்னைக்காவது பஸ்ல போயிருக்கானா?" என்று மல்லுக்கு நின்றாள். "ஆளைப் பாத்து மாத்தினா அதுக்குப் பேரு சலுகை" என்பார் அவர். இரண்டு பேரும் விட்டுக்கொடுத்ததே இல்லை. அம்மா போன பிறகு நடுவில் புகுந்து விலக்கிவிடவும் ஆளில்லை.

இப்போது சண்டை போடவே ஆளில்லை. மறதி அவரைப் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போனது. முதலில் சட்டம் போயிற்று. பக்கத்து வீட்டுப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போதும் "யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்ற கூச்சம் மிச்சமிருந்தது. பிறகு அதுவும் கரைந்தது. மகளைத் தன்னை வளர்த்த அக்கா என்று நினைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் "அடிப்பியா?" என்று கேட்டார்.

போன வாரம் மெயின் ரோட்டுக்கே போய்விட்டார். லாரிக்காரன் பிரேக் அடித்ததால் பிழைத்தார். பார்த்துக்கொள்ள வந்த பெண் கையில் கடி வாங்கியதும் கும்பிடு போட்டுவிட்டுப் போனாள். ஆபீஸ் மேனேஜரோ, "இன்னொரு லீவுன்னா அப்படியே வீட்லயே இருந்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். அவள் சம்பளம் நின்றால் வாடகையும் இல்லை, மாத்திரையும் இல்லை.

அதனால் இன்று முதல்முறையாக அவரை உள்ளே வைத்துப் பூட்டப் போகிறாள். அந்த ஆத்திரத்தில் தொட்டியில் வீசிய பீங்கான் தட்டு சில்லு சில்லாகப் போயிற்று. பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நான்தான் தட்டை உடைச்சேன். இனிமே மாட்டேன். பூட்டாதக்கா."

"நீங்க உடைக்கலப்பா. நான்தான் போட்டேன்."

"அப்ப நான் தப்பு பண்ணலையா?"

"ஒரு தப்பும் பண்ணல."

"பின்ன என்னை ஏன் பூட்டறே?"

"ரோட்டுக்குப் போயிடுவீங்கப்பா. அடிபட்டுடும்."

"போகலையே. இங்கதானே நிக்கறேன்." அவர் நெற்றி சுருங்கியது. "உடைச்சது நீ. அப்ப உன்னைத்தானே பூட்டணும்?"

அவர் நிலைக்கட்டையில் கையை அடித்து அடித்து அழ ஆரம்பித்தார். "நான் தப்பே பண்ணலையே! தப்பே பண்ணலையே!" விரல் முட்டி தோலுரிந்தது. அவள் போனாலும் இது நிற்காது என்று தெரிந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. "காலங்காத்தால என்னம்மா, பெரியவரைப் போட்டு அடிக்கறியா?"

"ஆமா, மூணு வேளையும் அடிக்கறேன். சாயங்காலம் வரைக்கும் வந்து கூட இருந்து பாத்துக்கறீங்களா?"

ஜன்னல் சாத்திக்கொண்டது.

அவள் குனிந்து அவர் கையைப் பிடித்தாள். குரல் தன்னுடையது போலவே இல்லை.

"நான் சும்மா சொன்னேன். நீதான் உடைச்சே."

அழுகை சட்டென்று நின்றது. முகம் தெளிந்தது. "நானா?"

"ஆமா. இருட்டறதுக்குள்ள வந்து திறந்து விடறேன். அதுவரைக்கும் உள்ளேயே உக்காந்திருக்கணும்."

"அடிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

அவர் தலையாட்டினார். சுவரோரம் போய்ச் சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். கதவைத் தட்டுவார், கத்துவார் என்று படியிலேயே நின்றாள். தட்டினால் பஸ்ஸை விட்டுவிடலாம் என்றுகூட இருந்தது.

உள்ளே சத்தமே இல்லை.