நூல் இழுக்கும் ஜெல்

"நீ குடுத்ததைத்தானே எட்டு மாசமா வெச்சுக்கிட்டேன்? இப்ப ரேடியோவுல என்ன சொல்றான், கேட்டியா?"

பொதுக்குழாயடியில் எழும்பிய கொன்சேனியின் குரல் கரும்புச் சரிவைத் தாண்டி எதிர்க்குன்று வரை போனது. வாளியோடு நின்ற பெண்களில் ஒருத்திகூடக் குழாயைத் திறக்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு சொல் தவறிப்போனால் அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

"மெதுவாப் பேசுடி, ஊரே கேக்குது" என்றாள் பிலிசிவே.

"கேக்கட்டும். ஊர்ல பாதிப்பேர் அந்தக் குழலைத்தான் கட்டிலுக்கடியில வெச்சிருக்காளுங்க. ஆனா சிரிச்சுக்கிட்டே அடுத்தவ தலையில கட்டினவ நீ ஒருத்திதான், மாசுங்கு."

பிலிசிவே பிறந்த வீடு சுங்கு குலம். கல்யாணமாகி வந்தவளை எங்கள் குன்றில் பிறந்த குலத்தின் முன்னால் 'மா' சேர்த்துத்தான் மரியாதையாக அழைப்போம். கொன்சேனி அவளை அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அன்று மரியாதை கூடியதிலேயே உறவு அறுந்தது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ரேடியோ சொன்னது இவ்வளவுதான். டர்பன் ஆய்வுக்கூடத்து ஜெல் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். மருந்துள்ள ஜெல் போட்டுக்கொண்ட பெண்களுக்கு மூன்றெழுத்து நோய் மருந்தில்லாத ஜெல் போட்டவர்களைவிட அதிகமாக வந்திருக்கிறது. மிச்சமிருக்கும் குழல்களோடு எல்லோரும் வியாழக்கிழமை கிளினிக்குக்கு வர வேண்டும். எச்.ஐ.வி. என்று முழுப்பெயர் சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. பெயர் சொன்னால் வந்துவிடும் என்று பயமோ என்னவோ, விரல் மூன்றைக் காட்டுவதோடு சரி.

அந்த ஜெல்லைக் காய்ச்சியவள் டாக்டர் ம்பாதா. எங்கள் இனத்துப் பெண்தான், டர்பனில் படித்தவள். முதல் நாள் அவளே வந்து விளக்கியிருந்தாள். ஜெல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நீள நீள இழைகள் இருக்கின்றன. கரும்புக்காட்டில் நடந்தால் பாவாடையில் முள்விதை ஒட்டுகிற மாதிரி, கிருமி அந்த இழையில் ஒட்டிக்கொண்டு உடம்புக்குள் போகாது. ஆணோடு சேர்வதற்கு முன்னால் குழலால் உள்ளே செலுத்திக்கொண்டால் போதும், அவனிடம் சொல்லக்கூட வேண்டாம். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் கூட்டம் அலைமோதியது. ஆணுறையும் கூடவே கொடுத்தார்கள். அதைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு முழுப்பல்லோடு திரும்பியவள் எங்கள் குன்றில் எத்தனை பேர்?

ஒரு நிபந்தனை. பாதிப்பேருக்கு இழையுள்ள நிஜ ஜெல், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் ஜெல். யாருக்கு எது என்று நர்சுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பெட்டியில் ஒரு நம்பர், அந்த நம்பருக்கு உரிய விவரம் டர்பனில் பூட்டி வைத்த தாளில்.

யாருக்கும் தெரியாது என்று சொன்னால் எங்கள் பெண்கள் சும்மா விடுவார்களா? ஒருத்தி மோந்து பார்த்தாள். ஒருத்தி கோழிக்கு வைத்தாள். கோழி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. பிலிசிவே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தாள். அவளுடையது தண்ணீராய் ஒழுகியது. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்த கொன்சேனியின் ஜெல்லோ சிலந்தி நூல் மாதிரி நீண்டது. நூல் இருந்தால்தானே கிருமி ஒட்டும்?

அவளுக்கு நூல் தேவைப்பட்டது. புருஷன் ம்ஃபனஃபூதி துறைமுகத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு லாரி ஓட்டுபவன், மாதக்கடைசியில்தான் வீடு. அவன் லாரியில் ஓட்டுநர் படுக்கைக்குப் பூப்போட்ட திரை ஒன்று உண்டு. தூங்குகிற ஒற்றை ஆளுக்குத் திரை எதற்கு என்று குன்று முழுக்கக் கேட்டாயிற்று, பிலிசிவே ஒருத்தி மட்டும் கேட்கவில்லை.

அதனால் ஒருநாள் வேலியோரம் நின்று தேனொழுகச் சொன்னாள்: "உன்னுது பிசுபிசுன்னு இருக்குடி, புண்ணாக்கிடும். நீ சின்னப் பொண்ணு, பரிச மாடெல்லாம் பேசி முடிச்சாச்சு, கல்யாணம் ஆகப்போறவ. என்னுது இளக்கமா இருக்கு, நீ எடுத்துக்க." கொன்சேனி நெகிழ்ந்துபோய் ஒரு கிண்ணம் அவித்த சேப்பங்கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து மாதாமாதம் பெட்டி கைமாறியது. கிழங்கும் வந்தது. பிலிசிவே அதையும் சாப்பிட்டாள்.

இப்போது குழாயடியில் அந்தப் பெண் அழுகிறாள், தனக்குக் கெட்ட ஜெல் வந்துவிட்டதென்று. ஒரு வார்த்தையில் அவளைத் தேற்றிவிடலாம். "பயப்படாதே, உன்னை ஏமாத்தி நல்லதுன்னு நெனச்சு நான் எடுத்துக்கிட்டேன், கொல்றதா இருந்தா அது என்னைத்தான் கொல்லுது" என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள். காலி வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

திங்களிலிருந்து வியாழன் வரை அவளுக்கு உடம்பு ஒரு அந்நிய வீடாகிவிட்டது. தாடைக்குக் கீழே தடவித் தடவியே ஒரு கட்டியை உண்டாக்கினாள். கரும்பு இலை கிழித்த தடிப்பை வெயிலில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தும்மல் வந்தால் இரண்டாவது வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக் காத்தாள். மிச்சக் குழல்கள் இருந்த பிஸ்கட் டப்பா கட்டிலுக்கடியில் இருப்பது பொறுக்காமல் கோழிக்கூண்டுக்கு மாற்றினாள். பிறகு கோழிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதையும் எடுத்தாள். நல்லதென்று எண்ணி எத்தனை முறை தன் கையாலேயே, தன் உடம்புக்குள்ளேயே... அந்த எண்ணம் வரும்போதெல்லாம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வியாழனன்று தேவாலயக் கூடத்தில் எண்பது பேர் இருந்தோம். இருமுகிறவள் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. டாக்டர் ம்பாதா மேடையேறாமல் எங்களெதிரே ஒரு தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் டர்பனில் பூட்டி வைத்திருந்த அந்தத் தாள்.

"அம்மாமாரே, நான்தான் அதைச் செஞ்சேன்" என்று ஆரம்பித்தாள். "கண்ணாடிக் குப்பிக்குள்ள கிருமியை அது பிடிச்சுது. உடம்புக்குள்ள பிடிக்கல. உள்தோலை அரிச்சிருக்கலாம், காவலா இருக்கற நல்ல கிருமிகளைத் துரத்தியிருக்கலாம். ஏன்னு இன்னும் எங்களுக்கே தெரியல." மன்னிப்புக் கேட்டாள்.

பிறகு, ஒவ்வொருத்தியும் உள்ளறைக்கு வந்து நம்பரைச் சொன்னால் அவள் பயன்படுத்தியது எது என்று சொல்வதாகச் சொன்னாள். "ஒண்ணு கேக்கறேன். யாராவது பெட்டி மாத்திக்கிட்டீங்களா? அவங்க நம்பரைச் சொன்னா நான் சொல்ற பதில் பொய்யாயிடும்."

பிலிசிவே தரையைப் பார்த்தாள். தன் நம்பரைச் சொல்லி, தண்ணீர் ஜெல்லின் பதிலைக் கேட்டு வந்துவிடலாம். ஆனால் தன் உடம்புக்குள் போனது எது என்று அவளுக்குச் சாகும்வரை தெரியாது. மானமா பயமா என்று நெஞ்சு இரண்டு பக்கமும் இழுத்தது. பயத்துக்குத்தான் கனம் அதிகம். கை தானாக மேலே போயிற்று.

"நான் கொன்சேனியோடதை எடுத்துக்கிட்டேன். நூல் இழுத்துச்சு, அதான் நெசமானதுன்னு நெனச்சேன். புண்ணாகும்னு அவகிட்ட சொன்னது பொய்."

கொன்சேனி திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அதற்குள் பின்வரிசையில் ஒரு கை எழுந்தது, அப்புறம் இன்னொன்று. பத்தொன்பது கைகள். கோழிக்காரியும் கையைத் தூக்கினாள். டாக்டர் ம்பாதா தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பிலிசிவேயின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு ஜெல்லும் நூல் இழுக்கும்மா. ஒரே மாதிரி இருக்கணும்னுதான் அப்படிச் செஞ்சோம். உங்க வீட்டுக்கு என்ன கூரை?"

"தகரம்."

"சூட்டுல இளகியிருக்கும். கொன்சேனி வீட்டுக்கு?"

"ஓலை" என்றாள் கொன்சேனி, யாரையும் பார்க்காமல்.

உள்ளறையில் தாள் விரிந்தது. பிலிசிவேயின் சொந்த நம்பர் வெறும் ஜெல். கொன்சேனியின் நம்பர் நிஜ ஜெல். விரல் சொன்ன சாட்சி பொய், ஆனாலும் கை போய் எடுத்தது அதையேதான். எட்டு மாதம்.

நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தாள். ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு. முதல் கோடு உடனே சிவந்தது. இரண்டாவது இடம் வெள்ளையாக இருந்தது. கால்மணி நேரம் பார்க்க வேண்டும் என்றாள் நர்ஸ். பிலிசிவே அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கும்போதெல்லாம் அங்கே ஒரு சிவப்பு நிழல் ஊறுகிற மாதிரி தோன்றியது. ஊறவில்லை.

"இப்போதைக்கு ஒண்ணுதான்" என்றாள் நர்ஸ். "சமீபத்துல வந்திருந்தா இதுல தெரியாது. மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் வீட்டுக்காரர் உறை இல்லாம கிட்ட வரக்கூடாது. அவரையும் கூட்டிட்டு வாங்க."

மாதக்கடைசியில் லாரி வந்தது. நடந்ததை அவன் முன்னால் ஒன்று விடாமல் சொன்னாள், கிளினிக்கில் கொடுத்த உறையையும் மேசையில் வைத்தாள். அவன் பாலில் ஊறிய கூழைச் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கேட்டான்.

"கிளினிக்காரங்க உன்னைக் கெடுத்தா, பரிசோதனைக்கு நான் ஏன் வரணும்?"

"உங்க ரத்தம் சுத்தம்னா ஒரு சொட்டு குடுக்க என்ன பயம்?"

அவன் அடிப்பான் என்று கதவோரம் நின்றுதான் கேட்டாள். அவன் அடிக்கவில்லை. காலித் தட்டையே அவன் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அவனும் அவள் பார்த்ததைப் பார்த்தான். விடிவதற்குள் லாரி போய்விட்டது. அடுத்த மாதக்கடைசியில் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து அவளுக்கு மறுபடியும் ஒரே கோடு. நம்ப முடியாமல் அடுத்த வாரமும் போய்க் குத்திக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் நர்ஸே துரத்தி அனுப்பினாள்.

கொன்சேனிக்குக் குளிர்காலத்தில் ஸ்டாங்கரில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை சோதனைச் சீட்டு கொண்டுவந்த பிறகுதான் மாடுகளே கொட்டிலுக்குள் நுழைந்தன. பிலிசிவேக்கு அழைப்பில்லை. ஆனாலும் ஒரு சட்டி அவித்த சேப்பங்கிழங்கைக் கொன்சேனி வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். சட்டி திரும்பி வந்தது, கழுவி. மறுவருடம் பிலிசிவே தகர வீட்டைப் பூட்டிவிட்டு டர்பன் பக்கம் உம்லாசியில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். ம்ஃபனஃபூதி லேடிஸ்மித்தில் வேறொருத்தியை மணந்துகொண்டான் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள், சின்னப் பெண்ணாம், சிரித்த முகமாம். சோதனை செய்துகொண்டானா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. பிலிசிவே மட்டும் பேருந்து ஏறி அங்கே போனாள். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடம் அவனைச் சோதனைக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஐந்து நிமிடம் பேசினாளாம். அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.