பீங்கான் ஓட்டுக்கு ஒரு பொடி

தென்காசியில் சோப்பு காய்ச்சி விற்றுவந்த துல்கர்னைன் ராவுத்தர், குளியலறை அழுக்குப் போக்கப் புதிதாக ஒரு பொடி செய்திருந்தார். சலவைச் சோடா, சோப்புத் தூள், மாவாக இடித்த வெள்ளைக்கல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ஆனி மாதம் அதை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார்.

அங்கே ஆவுடைநாயகம் பிள்ளை நாலு பங்களாக்களை மேற்பார்த்துவந்தார். சாரல் விழுந்துவிட்டால் நாலும் நிறைந்துவிடும். வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். மிச்ச எண்ணெயைத் திரும்பிவந்து சீயக்காய் தேய்த்து வெந்நீரில் கழுவுவார்கள். அந்த எண்ணெயும் சீயக்காயும் குளியலறைச் சுவரின் வெள்ளைப் பீங்கான் ஓடுகளில் மஞ்சளாகப் படிந்துகிடந்தன. நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல் வந்தது.

துல்கர்னைன் தானே தேய்த்துக் காட்டுவதாகச் சொன்னார். பிள்ளை ஒப்பவில்லை.

"தெனமும் தேய்க்குதவ தேய்ச்சுப் பாக்கட்டும்" என்று வேலைக்காரி முருகம்மாளைக் கூப்பிட்டார்.

அவள் கரித்துண்டால் சுவரின் நடுவே கோடு கிழித்தாள். ஒரு பக்கம் வழக்கமான சாம்பலும் புளியும், மறுபக்கம் பொடி. இரண்டையும் ஒரே மாதிரி அழுத்தித் தேய்த்துத் தண்ணீர் விட்டாள். சாம்பல் பக்கம் மங்கலாகவே இருந்தது. பொடி போட்ட பக்கத்தில் ஜன்னல் கம்பிகள்கூடக் கண்ணாடியில்போல் தெரிந்தன. சிமெண்ட் தரையில்தான் பெரிய வித்தியாசம் இல்லை.

பிள்ளைக்கு அதுவே போதும். ஆவணிவரை நாலு பங்களாவுக்கும் வேண்டியதை அனுப்பச் சொல்லிவிட்டார்.

துல்கர்னைன் நிறைந்த மனதோடு கொல்லைப்புறமாக வெளியே வந்தார். கிணற்றடியில் முருகம்மாள் இரண்டு கைகளையும் வாளித் தண்ணீருக்குள் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தினமும் தேய்த்து வெடித்திருந்த விரலிடுக்குகள் சிவந்திருந்தன.

"எரியுதா?" என்று கேட்டார்.

"எரியத்தான் செய்யுது, ராவுத்தரே. அழுக்கு போகுதுல்லா, அதான வேணும்" என்றாள். குறையாக அவள் அதைச் சொல்லவில்லை.

பஸ் நிற்கும் இடம்வரை போனவர், பஸ் வந்தும் ஏறவில்லை. திரும்பிவந்து பிள்ளையிடம் பத்து நாள் பொறுக்கச் சொன்னார். நன்றாயிருக்கிற பொடியை எதற்கு மாற்ற வேண்டும் என்று பிள்ளை சலித்துக்கொண்டார்.

வீட்டில் சோடாவைக் குறைத்தார்; எண்ணெய் போகவில்லை. பூந்திக்கொட்டையை இடித்துச் சேர்த்தார். ஒவ்வொரு கலவையையும் எண்ணெய் தடவிய ஓட்டுத்துண்டில் தேய்த்துத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் மனைவி ஜாஹிரா பீவி ஓட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சோப்பு காய்ச்சிக் காய்ச்சி மரத்துப்போன கை உங்களுக்கு. அதுக்கு என்ன தெரியும்? நான் தேய்க்கேன்."

அதன்பிறகு அவள் கைதான் தீர்ப்புச் சொன்னது. ஆறு கலவைகள் எரிந்தன. ஏழாவது எரியவில்லை.

பதினோராம் நாள் முருகம்மாள் மறுபடியும் தேய்த்தாள். இந்தமுறை கறை விட நேரமாயிற்று.

"அன்னைக்கு ஒடனே போச்சே" என்றார் பிள்ளை.

முருகம்மாள் துல்கர்னைனை முந்திக்கொண்டாள்.

"தடவி வச்சிட்டு நான் வாளியெல்லாம் வெளக்கிட்டு வந்தா அது ஊறிரும், ஐயா. கை எரியல. எனக்கு இதுதான் வேணும்."

எது வேண்டும் என்று அவள் சொல்லிப் பிள்ளை கேட்டதே இல்லை. அவள் கைகளைச் சற்று நேரம் பார்த்தார். இந்தப் பத்து நாளில் இரண்டு பங்களாவுக்கு வேறு சரக்கு வாங்கிப்போட்டாயிற்று, மிச்ச இரண்டுக்கு அனுப்பலாம் என்றார்.

பாதிதான். இருந்தாலும் துல்கர்னைன் சந்தோஷமாகவே சரி என்றார். முருகம்மாள் டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சாரலில் நனைந்தபடி அடுத்த பங்களாவுக்கு நடந்தாள்.