முப்பத்தெட்டு கிலோவும் ஒரு யாம் செங்கும்

தெப்ரா வட்டாரத்தில் தங்கராஜுவின் ஆம்ப்ளிபையரை ஒருமுறை தூக்கியவர் மறுமுறை தூக்கியதில்லை. எடை முப்பத்தெட்டு கிலோ. அதைத் தூக்கப் போய் அவருடைய மச்சான் இரண்டு அங்குலம் குள்ளமாகிப் போனார். அடையாள அட்டையில் உயரம் போடுவதில்லை என்பதால் நிரூபிக்க முடியவில்லை. வால்வு வைத்த பழைய பெட்டி. ஒரு கால் உடைந்து ஆடும். சூடானால் மேலே முட்டை பொரிக்கலாம். பொரித்தும் இருக்கிறார். முன்னால் காலால் மிதிக்கும் ஐந்து பெடல்கள், ஒவ்வொன்றும் ஒரு வேலைதான் செய்யும்.

அவர் கிட்டார் வாசிக்கும் பேண்டின் பாடகி, முதலாளி, எல்லாமே யோகேஸ்வரிதான்.

"அண்ணே, ஆயர் ஈத்தாம்ல கல்யாண டின்னர் மூணாவது மாடியில. லிஃப்ட் இல்ல. உங்க பெட்டிய தூக்க மாட்டோம்னு பையனுங்க சொல்லிட்டானுங்க. ரூபன் மாதிரி நீங்களும் ஒண்ணு வாங்கிக்கலாம்ல?"

ரூபன் என்கிற ரூபேந்திரன் பகலில் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கிட்டார் வாசிப்பவன். அவனிடம் இருந்தது சோற்று டப்பா அளவில், சின்னத் திரை வைத்த டிஜிட்டல் பெட்டி.

"இதுக்குள்ள இருநூறு ஆம்ப்ளிபையர் இருக்கு அங்கிள். எல்லா பெடலும் இருக்கு."

அவன் வாசித்ததைத் தங்கராஜு ஒரு நிமிடம் கேட்டார். "இருநூறு பேர் ஒரே கக்கூஸ்ல நின்னா எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருக்கு தம்பி."

"கேக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது அங்கிள்."

"மீ கோரிங்க சாப்பிடாம அதோட படத்த நக்குறவனுக்கும் தெரியாது."

யோகேஸ்வரிக்கு அலுத்துவிட்டது. "ரெண்டு பேரும் வாங்க. யாம் செங்ல யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க பேண்ட்ல. மத்தவங்க சாப்பிட்டு வீட்டுக்குப் போலாம்."

யாம் செங் சீனர்களிடமிருந்து நம் டின்னருக்கு வந்தது. எல்லோரும் கிளாஸைத் தூக்கி, மூச்சு உள்ளவரை 'யாம்' என்று இழுத்து, 'செங்' என்று முடித்துக் குடிக்க வேண்டும். இந்த பேண்டில் கூடுதலாக ஒரு வழக்கம்: கிட்டாரும் ஒரே சுரத்தை இழுக்கும். கிட்டார் ஓயுமுன் கூட்டம் 'செங்' சொன்னால் கூட்டத்துக்குத் தோல்வி. இருபத்திரண்டு வருடமாகத் தங்கராஜு தோற்றதில்லை.

சனிக்கிழமை, கல்யாணப் பரிசு என்று சொல்லி மாப்பிள்ளைத் தோழர்கள் நால்வரைப் பிடித்துப் பெட்டியை மாடிக்கு ஏற்றிவிட்டார். மேடைச் சுவரோடு ஒட்டி வைத்தார். பேண்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ஒரே பிளக் அதன் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

பெண்ணின் தாய்மாமன் செல்லப்பன் எழுந்தார். பெக்கோக் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டலாக இருந்தவர். அவர் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பக்கத்துத் தோட்டத்து ஆட்களும் வந்து வரிசையில் நிற்பார்களாம். முதல் 'யாம்' ஐம்பது வினாடி போனது. தங்கராஜுவின் சுரம் ஐம்பத்திரண்டு வரை நின்று, பெரிய மனிதர் பந்தியிலிருந்து எழுவது போல் மெதுவாக எழுந்து போனது.

அடுத்து ரூபேந்திரன். தந்தியை ஒரு தட்டு, பெட்டியை ஒரு மிதி. சுரம் அப்படியே உறைந்து நின்றது. கிட்டாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டிக் காட்டினான். கைதட்டலுக்காக வாசிப்பதை நிறுத்துகிறவனைத் தங்கராஜு அன்றுதான் பார்த்தார்.

ஐம்பது வினாடி. எண்பது. செல்லப்பன் ரோஸ் சிரப் நிறத்துக்கு வந்தார். விட்டுக்கொடுக்க மனமில்லை. அவருக்கு மூச்சு முட்டியபோது முதல் மேசை ஏற்றுக்கொண்டது, பிறகு இரண்டாவது. முறை வைத்துக் கத்தினார்கள். கத்தாத மேசைகள் சாப்பிட்டன. ஆட்டுக்கறி தீர்ந்தது. ஐஸ்கிரீம் வந்தது. 'யாம்' நிற்கவில்லை.

சுரத்தை நிறுத்த ரூபேந்திரன் பெட்டியை மறுபடி மிதித்தான். திரையில், 'புதுப்பிக்கப்படுகிறது, காத்திருக்கவும், மூன்று விழுக்காடு' என்று வந்தது. ஒலி பார்க்கும் தீபன் சத்தத்தைக் குறைக்கத் தன் டேப்லட்டைத் தடவினான். முந்நூறு விருந்தாளிகளும் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்ததால் அதுவும் சுற்றிக்கொண்டே நின்றது. பிள்ளைகள் பிடுங்கிவிடக்கூடாதென்று எல்லா ஒயரையும் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருந்தவனும் அவன்தான்.

"அங்கிள், உங்க பெட்டிய நவுத்துங்க! பிளக் பின்னால இருக்கு!"

தங்கராஜு கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். "எந்தப் பெட்டி தம்பி? உன் டப்பாக்குள்ளதான் இருநூறு இருக்கே. அதுல ஒண்ண நவுத்திப் பாரேன்."

யோகேஸ்வரி ஓடி வந்தார். "அலமாக்! அண்ணே, மாமா மறுபடி எழுந்து நிக்கிறாரு, செத்துடுவாரு லா!"

"அடுத்த சனிக்கிழமை யாரு?"

"நீங்கதான்! எல்லா சனிக்கிழமையும் நீங்கதான்!"

"மாடின்னா?"

"நானே தூக்குறேண்ணே!"

தங்கராஜு நிதானமாகக் கை கழுவினார். மாப்பிள்ளைத் தோழர்களை அழைத்து, பரிசுக்கு அந்த இடம் பொருந்தவில்லை என்றார். நால்வரும் இழுத்தார்கள். அவர் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினார்.

பிறகு வந்த 'செங்'கில் நெடுஞ்சாலையோரப் பீங்கான் கடையில் பதினொரு பூச்சாடிகள் விரிசல் விட்டன. கடைக்காரர் பன்னிரண்டு என்கிறார். அவரை நம்ப முடியாது.

ரூபேந்திரன் தன் பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனான். அதை வந்து எடுத்துப்போகச் சொல்லித் தங்கராஜு மறுநாள் போன் செய்தார். "நீங்களே வச்சுக்குங்க அங்கிள்" என்றான்.

அடுத்த சனிக்கிழமை நான்காவது மாடி. ஆம்ப்ளிபையரின் ஒரு முனையை யோகேஸ்வரி பிடித்திருந்தார், பட்டுப்புடவையோடு. மேடையில் அதன் உடைந்த காலுக்கு அடியில் தங்கராஜு டிஜிட்டல் பெட்டியைச் செருகினார். அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. இப்போது ஆடுவதே இல்லை. டிஜிட்டலைப் பற்றி யாராவது கேட்டால், உபயோகமான சாமான்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.