நிற்க மறுத்த கெர்னல்

2003 ஆவணிப் பௌர்ணமியன்று வேதாவின் குடித்தனமே உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை நம்பி இருந்தது. கணவன் ஆதவனுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு மாற்றலானதும், சென்னைக் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை செய்ய மூன்று மாதம் அனுமதி வாங்கியிருந்தாள். இன்று நான்கு மணிக்கு மேலாளர் பலராமன் அவள் வேலையைப் போனில் சோதிப்பார். தேறினால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னை விடுதிக்குப் போக வேண்டியதுதான்.

கெர்னல் என்பது கம்ப்யூட்டரில் மற்ற புரோகிராம்களையெல்லாம் ஆட்டிவைக்கிற புரோகிராம். அதையே ஓட்டத்தின் நடுவில் பிடித்து நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவது டிபக்கர். பழைய பிராசஸர் சில்லில் அது சமர்த்தாக வேலை செய்தது. இந்தப் போர்டில் உட்கார்ந்திருந்த புதிய பிராசஸருக்கு ஏற்றபடி அதன் அடிப்பகுதியைத் திருப்பி எழுதுவதுதான் வேதாவின் வேலை. எழுதி, போன வாரமே "முடிந்தது" என்று மெயிலும் தட்டிவிட்டாள். அவசரக்குடுக்கை!

காலையில், எதுவரை ஓடியது என்று திரையில் காட்ட, தன் சோதனைக்காக அங்கங்கே போட்டிருந்த பிரிண்ட் வரிகளைச் சுத்தமாக எடுத்தாள். அவ்வளவுதான், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் கெர்னல் தன்பாட்டுக்கு ஓடியது. பிரிண்ட் வரியைத் திரும்பப் போட்டால் நின்றது. எடுத்தால் ஓடியது. வேதாவுக்கு அழுகை வந்தது.

சென்னையில் கூட வேலை செய்யும் முருகவேலுக்குப் போன் போட்டாள்.

"பிரிண்ட்டை உள்ளயே உட்டுடுங்க வேதா. நாலு மணிக்கு நின்னா போதும். அப்புறம் பாத்துக்கலாம்."

"ஏன் நிக்குதுன்னே தெரியாம, முடிச்சிட்டேன்னு எப்படிங்க சொல்றது?"

ஆதவன் கிரிவலக் கூட்டத்து டூட்டிக்குப் போய்விட்டான். தட்டில் சோறு காய, அவள் அறுநூறு பக்க பிராசஸர் கையேட்டைப் புரட்டினாள். மூன்றே கால் மணிக்கு ஒரு பத்தியில் கண் நின்றது.

டிபக்கர், ஒரு கட்டளையை அழித்து அந்த இடத்தில் "நில்" என்று எழுதி வைக்கும். பழைய பிராசஸர் அந்த மாற்றத்தைத் தானே கவனித்துக்கொள்ளும். புதியது, வேகத்துக்காகக் கட்டளைகளின் நகலைத் தனியாக வைத்துக்கொண்டு அதையே படிக்கும். நகலைத் தூக்கிப்போடு என்று யாராவது சொன்னால் ஒழிய, புதிதாக எழுதியதைத் திரும்பியும் பார்க்காது. பிரிண்ட் வரி ஓடியபோது பழைய நகல் தற்செயலாக வெளியே தள்ளப்பட்டிருக்கிறது.

வேதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. நகத்தளவுச் சில்லு, நொடிக்குக் கோடிக் கட்டளைகளை ஒரு பிசகும் இல்லாமல் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் போய் காலையிலிருந்து சனியனே என்று திட்டியிருக்கிறாளே! அவள் எழுதிய "நில்" அதன் கண்ணுக்கே போய்ச் சேரவில்லை.

எழுதியதை நினைவகத்துக்கு அனுப்பு, பழைய நகலைத் தூக்கிப்போடு. இரண்டே கட்டளைகள்தான். பிரிண்ட் வரிகளை எடுத்துவிட்டு இவற்றைச் சேர்த்து முடிக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"கெர்னல் தன் கடிகாரத்தை நகர்த்துற இடத்துலயே நிறுத்துங்க, பாப்போம்," என்றார் பலராமன். அந்த இடத்தில் அவள் ஒருமுறைகூடச் சோதித்ததில்லை. கட்டளையைத் தட்டினாள்.

நொடிக்கொரு வரியாக, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தைக் காட்டி ஓடிக்கொண்டிருந்த திரை 10:42:17இல் நின்றது. எந்தப் புரோகிராம் எங்கே நின்றது, எது எதை அழைத்தது எல்லாம் வரிசையாக விழுந்தன. அவர் கேட்கக் கேட்க ஆறு நிமிடம் வாசித்தாள்.

"சரி, ஓட உடுங்க."

ஓடவிட்டாள். அடுத்த வரி 10:42:18.

வேதா இரண்டு வரிகளையும் மறுபடி படித்தாள். அந்த ஆறு நிமிடம் அதன் உலகத்தில் நடக்கவே இல்லை.

"சார், இது நின்னதே இதுக்குத் தெரியல சார்."



"எனக்கும் மொதல் தடவை இப்படித்தாங்க இருந்துச்சி," என்றார் பலராமன். "அடுத்த போர்டையும் வேங்கிக்கால் அட்ரசுக்கே அனுப்பச் சொல்றேன்."