அவளுடைய ஒரு மணி நேரம்

கணக்கு டீச்சர் ஊரைக் கொள்ளையடிக்கவில்லை. ஒரு விண்ணப்பத்தை மேசை இழுப்பறையில் போட்டார், மறந்துபோனார். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளில் ஒரு பெண்ணின் ஒரு மணி நேரம் இருந்தது.

அந்த மாணவிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரம் பிடிக்கும். வகுப்பில் அவளுக்கு ‘ஸ்லோமோஷன்’ என்று பட்டப்பெயர். டாக்டர் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அது யாரும் போடும் பிச்சை இல்லை, சட்டப்படி அவள் உரிமை. அவளுடைய அம்மா எல்லாவற்றையும் உரிய நாளில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். விடைத்தாள் கட்டுக்கு அடியில் அந்த விண்ணப்பம் டீச்சர் கண்ணில் பட்டபோது கெடு முடிந்து பத்து நாளாகியிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியையிடம் ஓடினார்.

“இதுக்குப் போய் ஏன் பதறுறீங்க? அவங்கம்மா லேட்டா கொடுத்தாங்கன்னு எழுதி அனுப்பிடுங்க.”

“அப்படி எழுதினா தள்ளிடுவாங்க மேடம். நம்ம பக்கம் தப்புன்னாதான் கெடு தாண்டியும் எடுத்துக்குவாங்க.”

“பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுக்கப் போறீங்களா?”

“என் பேரைப் போட்டுக்கிறேன் மேடம்.”

போட்டார். தவறு தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார். ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று, மாணவிக்கு அனுமதி. மற்றது, டீச்சருக்கு மெமோ: விசாரணை முடியும்வரை தேர்வறைப் பக்கம் போகக் கூடாது.

அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் அவர் நுழைந்தாலே பேச்சு நின்றுவிடும். இருபது வருடம் அவர் சாப்பாட்டு டப்பாவில் உரிமையோடு கைவைத்தவர்கள் ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். மெமோ என்ன தொற்றுநோயா? வீட்டிலும் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. டீச்சருக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. போகட்டும், அந்தப் பெண் எழுதிவிடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

முதல் தேர்வன்று லீவு போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றார். மணியடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். அப்புறம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவளும் வந்துவிட்டாள்.

“என்னம்மா, முடிச்சிட்டியா?”

“இல்ல டீச்சர். ரெண்டு பெரிய கேள்வி பாக்கி.”

“அப்புறம் ஏன் எழுந்து வந்தே?”

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “எல்லாரும் போய்ட்டாங்க. பெஞ்செல்லாம் காலி. எனக்காக உக்காந்திருந்த சார் வாட்சையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஒரு மாதிரியா இருந்துச்சு.”

திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் அந்த ‘ஒரு மாதிரி’ அவருக்குத் தெரியாததா?

“இன்னும் நாலு பரீட்சை இருக்கு. சார் பார்த்தா பார்க்கட்டும். அது உன் நேரம்மா.”

“நாளைக்கு நீங்க உள்ள வந்து உக்காருங்க டீச்சர். நீங்க இருந்தா எழுதிடுவேன்.”

மெமோ விஷயம் அவளுக்குத் தெரியாது. உனக்காக எழுதிய கடிதம்தான் என்னை வெளியே நிறுத்தியிருக்கிறது என்று ஒரு குழந்தையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

“உள்ள வர முடியாதும்மா. இங்கேயே நிக்கிறேன். நீ எழுதி முடிச்சு வர்ற வரைக்கும் நகர மாட்டேன்.”

அவள் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தாள்.

“என் ரூம் பின்பக்கம் இருக்கு டீச்சர். அங்கேருந்து பார்த்தா கேட்டு தெரியாது.”