மூடினாலும் மூடாத வால்வு

லீட்ஸ் நகரில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் கணப்பைப் பழுதுபார்க்கும் டங்கன், இருபுற வால்வுகளையும் இறுக்கி மூடிவிட்டுத்தான் பம்பைக் கழற்றினார். அப்படியும் கறுப்புத் தண்ணீர் அருவியாய்ப் பாய்ந்தது. கீழே, வீட்டுச் சொந்தக்காரி மேவிஸ் நேற்றுதான் விரித்த வெள்ளைக் கம்பளம்! இரண்டு கட்டைவிரல்களாலும் குழாய்களை அடைத்துக்கொண்டு அவர் போட்ட கூச்சலில் ஏழு தெரு நடுங்கியது.

“தண்ணிய நிறுத்தாத சனியனுக்கு வால்வுன்னு பேரு வேற! அம்மா, பரண் மேல இருக்குற தொட்டியில தண்ணி கீழ இறங்குற ஓட்டையில ஒரு கேரட்டைச் சொருகுங்க!”

“எல்லாம் சூப்புல வெந்துடுச்சேப்பா!”

“கைக்குக் கிடைச்சதைச் சொருகித் தொலைங்க!”

எழுபது வயது மேவிஸ் அணிலாய் ஏணியேறினாள். தண்ணீர் நின்றது, கம்பளம் தப்பியது.

“என்னத்தைச் சொருகுனீங்க?”

“உன் சாப்பாட்டு டப்பாவுல இருந்த நீளமான கறி சாசேஜை.”

டங்கன் இரு வால்வுகளையும் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசினார். “ஒரு சாசேஜுக்கு இருக்குற ரோஷம் உங்களுக்கில்லையேடா!”